பேர் விட்டுப்போன பிராது

எங்க ஊர் டீக்கடையில "கேஸை வாபஸ் வாங்கிட்டான்"னு யாரையாவது சொன்னா அதுக்கு ரெண்டே அர்த்தம்தான். எதிராளிகிட்ட காசு வாங்கிட்டான், இல்லைன்னா பயந்துட்டான். 2009-ல என் பெரியப்பா பையன் மேல போட்டிருந்த பாக வழக்கை நான் வாபஸ் வாங்கினப்போ ரெண்டு பேச்சும் எனக்குக் கிடைச்சது. மூணு வருஷம் கோர்ட்டுக்கு நடந்தவன் கூண்டுகூட ஏறாம திரும்பி வந்துட்டானேன்னு சிரிச்சாங்க.

நடந்தது வேற. வக்கீல் எழுதின பிராதுல கட்சிக்காரர்கள் பேர் தப்பா இருந்தது. அதை அப்படியே நடத்தியிருந்தா ஜெயிச்சாலும் அந்தத் தீர்ப்பு நின்னிருக்காது. அதனால கோர்ட் அனுமதியோட திரும்ப வாங்கி, பேர்களைச் சரியா எழுதி மறுபடி போட்டோம்.

இதை இப்ப ஏன் எழுதறேன்னா, பட்டணத்துல இருக்கற நண்பர்கள் பல பேர் ஊர்ல இருக்கற குடும்ப நிலத்தைப் பத்தி என்கிட்ட விசாரிக்கறாங்க. கேக்கறதெல்லாம் சர்வே நம்பர், பட்டா, வில்லங்கம். "இதுல யார் யார் பேரு வரணும்?"னு ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. அன்னைக்கு நானும் கேக்கலை. அதுக்கு நான் குடுத்த விலையையும், அந்தச் சமயத்துல தெரிஞ்சுக்கிட்ட பழைய கதைகளையும் சேர்த்துச் சொல்றேன்.

கிணறும் நாலு பிள்ளைகளும்

எங்க அப்பாரு, அதாவது அப்பாவோட அப்பா, 1944-ல 5 ஏக்கர் 20 சென்ட் மேட்டாங்காடு வாங்கினார். பரம்பரைச் சொத்து கிடையாது. வண்டி ஓட்டிச் சம்பாதிச்ச காசு. அப்புறம் அதுல கிணறு வெட்டினார். பாறை வந்து ரெண்டு தடவை நின்னுபோய், மூணாவது தடவை தண்ணி கண்டதா ஆத்தா சொல்லும். அப்பாருவுக்கு நாலு பிள்ளைகள். பெரியப்பா, எங்கப்பா, பெரிய அத்தை, சின்ன அத்தை.

1964-ல கரண்ட் மோட்டார் வர்ற வரைக்கும் அந்தக் கிணத்துல கவலை ஏத்தம்தான். ரெண்டு மாடு, வடக்கயிறு, சால். அப்பாருவும் பெரியப்பாவும் வெளி வேலைக்குப் போற நாள்ல மாடு ஓட்டினது சின்ன அத்தை. பத்து வயசுல ஆரம்பிச்சு மோட்டார் வர்ற வரைக்கும் ஓட்டியிருக்குது. 1966-ல அத்தைக்குக் கல்யாணம் ஆச்சு. பெரிய அத்தையை அதுக்கு முன்னாடியே கட்டிக் குடுத்தாச்சு.

அப்பாரு 1971-ல உயில் எழுதாம காலமானார். அதுக்கப்புறம் பெரியப்பாவும் எங்கப்பாவும் வாய்ப்பேச்சா பிரிச்சுக்கிட்டாங்க. கிணறு இருந்த மேபுறம் பெரியப்பாவுக்கு, கீபுறம் எங்களுக்கு. தண்ணி மட்டும் முறை வெச்சு. பத்திரம் எழுதலை. ஆத்தா 1985-ல போனப்பவும் யாரும் பேப்பர் பத்திப் பேசலை.

இதுக்கு நடுவுல அரசாங்கத்துல பெரிய மாத்தம் நடந்துட்டு இருந்தது. 1980-ல எம்.ஜி.ஆர். அரசு பரம்பரை மணியகாரர், கர்ணம் பதவிகளை ஒழிச்சுது. எந்த வயல் யாருது, யாருக்கு எத்தனை பிள்ளைன்னு தலைமுறை தலைமுறையா மனசுல வெச்சிருந்த ஆளுங்க போய், கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தாங்க. பழைய ஆளுங்க நியாயமா இருந்தாங்கன்னு நான் சொல்ல வரலை. எத்தனையோ குடும்பத்தைக் கெடுத்தவங்களும் உண்டு. ஆனா அதே 1980-களில்தான் யு.டி.ஆர். என்கிற நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டமும் நடந்தது. பழைய கணக்கையெல்லாம் புதுசா எழுதினாங்க. அளக்க வந்த அன்னைக்குக் காட்டுல நின்னவர் பெரியப்பா. மொத்த 5 ஏக்கர் 20 சென்ட்டும் அவர் பேர்ல பட்டா ஆயிருச்சு. பெரியப்பா ஏமாத்தினார்னு நான் இன்னைக்கும் நினைக்கலை. "குடும்பத்துக்குப் பெரியவர் பேரு போடுங்க"ன்னு எங்கப்பாவே சொல்லியிருப்பார். யு.டி.ஆர். தப்புன்னு ஒரு வார்த்தை தமிழ்நாட்டுத் தாலுக்கா ஆபீஸ் எல்லாத்துலயும் இன்னைக்கும் புழங்குது. எங்களுது அதுல ஒண்ணு.

வறட்சியும் வழக்கும்

2003-ல எங்கப்பா காலமானார். வறட்சி கடுமையா இருந்த வருஷங்கள் அவை. கிணத்துல தண்ணி அடியில போச்சு. பெரியப்பா பையன், எனக்கு அண்ணன் முறை, கிணத்துக்குள்ள பக்கவாட்டு போர் போட்டு எங்க குழாயை எடுத்துட்டார். கேட்டா, "பட்டா எங்கப்பா பேர்ல இருக்குது, நான் போட்ட போர்"னு பதில்.

2005-ல வக்கீலைப் பார்த்தேன். நல்ல மனுஷன்தான். பேர் சொல்லப் போறதில்லை. முதல்ல நோட்டீஸ் விட்டார். அப்பவே பிராதும் தயார் பண்ணி வெச்சுட்டார். நான் பணம் தோது பண்றதுக்குள்ள மாசங்கள் ஓடிருச்சு. அந்த இடைவெளியில பெரியப்பா இறந்துபோனார். நானே போய்க் கொள்ளி தூக்கினவன். 2006-ல குமாஸ்தா கொண்டுவந்து நீட்டின பிராதுல பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டேன். படிச்சுப் பார்க்கலை.

அந்தப் பிராதுல வாதிகள் ரெண்டு பேர், அம்மாவும் நானும். பிரதிவாதிகள் மூணு பேர். ஒண்ணாவது பெரியப்பா. ரெண்டாவது அண்ணன். மூணாவது தாசில்தார், பட்டாவைத் திருத்தணும்னு கேட்டதால. சொத்துல எங்களுக்குப் பாதி வேணும்னு கேட்டிருந்தோம்.

சம்மன் எடுத்துட்டு வந்த ஆமீனா, "முதல் பிரதிவாதி இறந்துவிட்டார்"னு எழுதித் திருப்பினார். அண்ணன் தரப்பு வக்கீல் பதிலுரையில தெளிவா ஒரு பாரா போட்டார். செத்தவர் மேல வழக்கு போட்டிருக்காங்க, அவசியமான தரப்பினர் பல பேரைச் சேர்க்கலை, அரசாங்கத்தைச் சேர்க்காம அதிகாரியை மட்டும் சேர்த்திருக்காங்க, அதனால தள்ளுபடி பண்ணணும்னு. எங்க வக்கீல்கிட்ட கேட்டேன். "இதெல்லாம் எல்லா பதிலுரையிலயும் எழுதறதுதான், கவலைப்படாதீங்க"ன்னார். வாய்தா மேல வாய்தாவா ரெண்டரை வருஷம் போச்சு. அப்புறம் அவருக்கு உடம்பு முடியாமப் போய், கட்டை வேற வக்கீல்கிட்ட மாத்தினேன்.

புது வக்கீல் கட்டைப் பிரிச்சு ஒரு மணி நேரம் படிச்சார். பிராதைப் பத்தி ஒண்ணும் பேசலை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, "உங்க அப்பாருல இருந்து ஆரம்பிச்சு எல்லார் பேரும் சொல்லுங்க. பொண்ணுங்களையும் சேர்த்து"ன்னார்.

சொல்லச் சொல்ல அவர் எழுதினார். பெரியப்பாவுக்கு அண்ணன் தவிர ஒரு மகளும் உண்டு. பெரிய அத்தை இறந்துட்டாங்க, அவங்களுக்கு மூணு பிள்ளைங்க. சின்ன அத்தை உயிரோட இருக்குது. எங்கப்பாவுக்கு நான் மட்டும் இல்லை, திருப்பூர்ல கட்டிக் குடுத்த தங்கச்சியும் இருக்குது. தாள் நிறைஞ்சிருச்சு. பிராதுல இல்லாத பேர்தான் அதுல அதிகம். தங்கச்சி பேரைச் சொல்றப்போ எனக்கு நாக்கு கொஞ்சம் தடுமாறினது உண்மை. மூணு வருஷமா வழக்குச் செலவுக்கு என்கிட்ட கைமாத்தா காசு குடுத்துட்டு இருந்ததும் அதே தங்கச்சிதான்.

டீக்கடைச் சட்டமும் நிஜச் சட்டமும்

பழைய வக்கீல் ஏன் பொண்ணுங்களை விட்டார்? கிராமத்துல ஒரு சட்டம் பேசுவாங்க, "1989-க்கு முன்னாடி கல்யாணமான பொண்ணுக்குப் பங்கு கிடையாது"ன்னு. அதுல பாதி உண்மை இருந்தது. பரம்பரைக் கூட்டுக் குடும்பச் சொத்துல பெண்களுக்கும் பிறப்பால பங்கு உண்டுன்னு தமிழ்நாடு அரசு கொண்டுவந்த திருத்தம் 1989 மார்ச் 25-லிருந்து அமலுக்கு வந்தது. அந்தத் தேதிக்கு முன்னாடி கல்யாணமானவங்களை அந்தத் திருத்தம் சேர்த்துக்கலை. பின்னால 2005 செப்டம்பர் 9-ல மத்திய அரசுத் திருத்தம் வந்து அந்தப் பாகுபாட்டை எடுத்துருச்சு. 2020-ல உச்ச நீதிமன்றம், 2005-ல அப்பா உயிரோட இருந்திருக்கணும்கிற அவசியம்கூட இல்லைன்னு தெளிவாக்கிருச்சு.

ஆனா எங்க நிலம் பரம்பரைச் சொத்தே இல்லை. அப்பாரு சொந்தமாச் சம்பாதிச்சது. அதுக்கு 1989-ம் வேண்டாம், 2005-ம் வேண்டாம். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டமே போதும். ஒரு இந்து ஆண் உயில் எழுதாம இறந்தா, அவர் சொந்தச் சொத்து மனைவி, மகன், மகள் எல்லாருக்கும் சமமாப் போகும். மகளுக்குக் கல்யாணம் ஆயிருச்சா இல்லையாங்கிற கேள்வியே அதுல கிடையாது. 1971-ல அப்பாரு கண்ணை மூடினப்பவே அத்தைங்க ரெண்டு பேரும் பங்குதாரர்கள் ஆயிட்டாங்க. 1985-ல ஆத்தாவோட பங்கும் நாலு பேருக்கும் சமமா இறங்கிருச்சு. ஆக நாலு பிள்ளைகளுக்கும் காலே கால்தான். எங்கப்பாவோட கால் பங்குல அம்மா, நான், தங்கச்சி மூணு பேர். பாதி கேட்டு வழக்குப் போட்ட எனக்குச் சட்டப்படி உள்ளது பன்னண்டுல ஒரு பங்கு.

வக்கீல் தப்புன்னு சொல்லிட்டு நான் தப்பிக்க முடியாது. முதல் நாள் அவர் கேட்டது எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது. "கூடப்பிறந்தவங்க யாராச்சும்?" "பொண்ணுங்கதாங்க, எல்லாம் கட்டிக் குடுத்தாச்சுங்க." நான் சொன்னது அவ்வளவுதான். அவர் அதுக்கு மேல கேக்கலை.

பேர் எழுதறதுக்கு ஒரு சரித்திரம்

"சேர்க்காத பேரை இப்பச் சேர்க்க முடியாதா?"ன்னு புது வக்கீல்கிட்ட கேட்டேன். முடியும்னார். உரிமையியல் நடைமுறைச் சட்டத்துல கட்டளை 1, விதி 10 அதுக்குத்தான் இருக்குது. ஆனா எங்க பிராதுல ஒரு ஓட்டை இல்லை. செத்தவர் மேல போட்ட வழக்கு அவரைப் பொறுத்தவரை செல்லாது. வழக்கு நடக்கறப்போ ஒருத்தர் இறந்தா வாரிசைச் சேர்க்கலாம், போடறதுக்கு முன்னாடியே இறந்திருந்தா அந்த வழி கிடையாது. அப்பாருவுக்கு ரெண்டே வாரிசுன்னு நாங்களே பிராதுல எழுதியிருக்கோம். கேட்ட பங்கும் தப்பு. அரசாங்கத்துக்கு முறையான நோட்டீஸும் போகலை. "வரப்பு சரிஞ்சா அண்டை வெட்டலாம். வயலே மேடு பள்ளமா இருந்தா உழுது சமன் பண்ணித்தான் ஆகணும். வாபஸ் வாங்கி மறுபடி போடலாம்"னார்.

அப்புறம் அவர் சொன்னதைக் கேட்டப்போதான் இந்தத் தொல்லை எனக்கு மட்டும் வந்ததில்லைன்னு புரிஞ்சது.

இந்தியாவுல சிவில் கோர்ட்டுகளுக்கான முதல் நடைமுறைச் சட்டம் 1859-ல வந்தது. அதுலயே 97-ம் பிரிவுல, போதுமான காரணம் இருந்தா, அதே விஷயத்துக்குப் புது வழக்கு போடற உரிமையோட வழக்கைத் திரும்ப வாங்க கோர்ட் அனுமதிக்கலாம்னு இருந்தது. பத்து வருஷம் கழிச்சு 1869-ல, இன்னைக்கு வங்கதேசத்துல இருக்கற ராஜஷாஹி ஜில்லா கலெக்டருக்கும் வாட்சன் கம்பெனிக்கும் நடந்த வழக்கு லண்டன்ல பிரிவி கவுன்சில் வரைக்கும் போச்சு. எந்தெந்த மாதிரிக் குறைக்கு ஒருத்தரை மறுபடி வழக்குப் போட விடறதுங்கிற கேள்வி அதுல வந்தது. கட்சிக்காரர்களையோ விஷயங்களையோ தப்பாச் சேர்த்தது, முத்திரைத்தாள் குறைவால பத்திரம் தள்ளுபடியானது, சொத்து மதிப்பைத் தப்பாப் போட்டது, இந்த மாதிரிக் குறைகளுக்குத்தான் அந்த வழக்கம்னு சொன்னாங்க. சாட்சியை ஒழுங்காக் காட்டாம தோத்தவனுக்கு ரெண்டாவது தடவை கிடையாது. ஆக 150 வருஷத்துக்கு முன்னாடியே பேர் தப்பு போடறது ஒரு தனி வியாதியா இருந்திருக்குது.

1882 சட்டத்துல அது 373-ம் பிரிவாச்சு. 1908-ல வந்து இன்னைக்கும் நாம வெச்சிருக்கற சட்டத்துல அது கட்டளை 23, விதி 1. ஏதாவது முறைக் குறையால வழக்கு தோத்துப்போகும்னு கோர்ட்டுக்குப் பட்டா, இல்லை அது போல வேற போதுமான காரணம் இருந்தா, செலவுத்தொகை கட்டச் சொல்லி அனுமதி குடுக்கலாம். அனுமதி வாங்காம நீங்களா விட்டுட்டு வந்தா, அதே விஷயத்துக்கு மறுபடி வழக்குப் போட முடியாது. டீக்கடையில ஒரே வார்த்தையில "வாபஸ்"னு சொல்றாங்களே, அதுல இப்படி ரெண்டு வகை இருக்குது.

அரசாங்கத்தோட பேர்லயும் ஒரு கதை இருக்குது. 1858 வரைக்கும் நம்ம பக்கம் சர்க்கார் மேல வழக்குன்னா கிழக்கிந்தியக் கம்பெனி மேல. அந்த வருஷச் சட்டத்துக்கு அப்புறம், லண்டன்ல இருக்கற இந்தியா மந்திரி, அவரோட கவுன்சிலையும் சேர்த்து, அவர் பேர்ல. 1935 சட்டம் அமலுக்கு வந்த 1937-லிருந்து மதராஸ் மாகாணம். 1950-ல குடியரசு ஆனப்புறம் மதராஸ் மாநிலம். 1969-லிருந்து தமிழ்நாடு அரசு. ஒரே வாய்க்கால், ஒரே புறம்போக்கு, நூறு வருஷத்துல அஞ்சு பேரு. இன்னைக்கு அரசாங்கத்துகிட்ட பரிகாரம் கேட்டா, 79-ம் பிரிவுப்படி மாநிலத்தையே தரப்பாச் சேர்க்கணும். "தமிழ்நாடு அரசு, மாவட்ட ஆட்சியர் மூலமாக"ன்னு எழுதறது அதனாலதான். அதுக்கு முன்னாடி 80-ம் பிரிவுப்படி ரெண்டு மாச நோட்டீஸ் விடணும். எங்க பிராதுல ரெண்டும் இல்லை.

எல்லாத்தையும் விட என் மனசுல தங்கினது 1960-களில் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போன ஒரு அம்மாவோட வழக்கு. பழைய மைசூர்ச் சட்டத்தின் கீழ வந்தது. அவங்க சொத்து கேட்டாங்க. அது அவங்களோட அம்மா சொத்துதான்னு முடிவாச்சு. ஆனா அம்மா சொத்துன்னா அவங்களுக்கு மட்டும் வராது, ரெண்டு அண்ணன் தம்பிகளுக்கும் பங்கு உண்டு. அவங்களை வழக்குல சேர்க்கலை. கீழ்க்கோர்ட்டே இதைச் சொல்லியும் சேர்க்கலை. சொத்துல அந்த அம்மாவுக்குப் பங்கு இருக்குதுன்னு தெரிஞ்சும், அவசியமான தரப்பினர் இல்லைங்கிற காரணத்தால வழக்கு தோத்துப்போச்சு. இது வருத்தமான முடிவுன்னு நீதிபதிகளே எழுதியிருக்காங்க. தப்பான தரப்பினரால வழக்கு தோக்காதுன்னு சட்டத்துல பொதுவா ஒரு விதி உண்டு. அவசியமான தரப்பினருக்கு அந்தச் சலுகை கிடையாதுன்னு 1976-ல ஒரு வரியும் சேர்த்துட்டாங்க.

அந்த வழக்குல தங்கச்சி அண்ணன் தம்பியை விட்டுட்டாங்க. என் வழக்குல அண்ணன் தங்கச்சியை விட்டுட்டேன்.

இன்னொண்ணும் வக்கீல் சொன்னார். வாபஸ் வாங்கறதா இருந்தா சீக்கிரம் வாங்கணும். 2000-ல தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்குல, ரெண்டாவது மேல்முறையீட்டுல இருந்தப்போ குடுத்த வாபஸ் அனுமதியை உச்ச நீதிமன்றம் ரத்து பண்ணிருச்சு. எதிராளி ஜெயிச்சு வெச்சிருக்கற தீர்ப்பைச் சும்மா அழிச்சுட்டு முதல்லேர்ந்து ஆரம்பிக்க விடக்கூடாதுன்னு. தவிர, முதல் வழக்கு ஓடின காலத்துக்குப் பொதுவா காலக்கெடு நிக்காது. வழக்கே போடாத மாதிரிதான் கணக்கு. எங்களுக்குச் சாட்சி விசாரணை ஆரம்பிக்கலை. அதுதான் தோதான நேரம்.

அத்தை வீட்டுத் திண்ணை

வக்கீல் ரெண்டு வழி வெச்சார். ஒண்ணு, அத்தைகிட்டயும் மத்தவங்ககிட்டயும் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிட்டு, பாதி கேட்டே மறுபடி போடறது. ரெண்டு, எல்லாரையும் கட்சிக்காரரா சேர்த்து, உள்ள பங்கைக் கேக்கறது. "முதல் வழிதான் லாபம். ஆனா அவங்க சம்மதிச்சாத்தான்"னார்.

பொய் சொல்லக்கூடாது. முதல் வழியை மனசுல வெச்சுட்டுத்தான் அத்தை வீட்டுக்குப் போனேன். ஒரு சீப்பு வாழைப்பழமும் கால் கிலோ காராசேவும் வாங்கிட்டுப் போனேன். மாமா இறந்து பல வருஷம். அத்தை ஒரு ஓட்டு வீட்டுல, ஒரு எருமையை வெச்சுட்டுத் தனியா இருந்தது. திண்ணையில உக்காந்து விஷயத்தைச் சொன்னேன். கையெழுத்துன்னு வாயெடுத்ததுமே அத்தை கேட்டது.

"என்ற பேரு அந்தக் காயிதத்துல இருக்குதா கண்ணு?"

"இல்லைங்க அத்தை. விட்டுப்போச்சுங்க."

"இல்லாத பேருக்கு எதுக்குச் சாமி கையெழுத்து?"

நான் பேசாம இருந்தேன். அத்தை எருமைக்குத் தவுட்டுத் தண்ணி காட்டிட்டு வந்து மறுபடி உக்காந்தது.

"எத்தன வருசம் அந்தக் கெணத்துல மாடு ஓட்டியிருக்கறேன் தெரியுமா? வடக்கவுறு அத்துப்போய் ஒருக்கா உள்ள விழுகப் பாத்தேன். உங்கொப்பன்தான் புடிச்சு இழுத்தான். தண்ணி பாச்சறப்ப நான் இருந்தேன். பேரு எழுதறப்ப மட்டும் என்னைய காணம். மொதல்ல எழுது. அப்பறம் குடுக்கறதா வேண்டாமான்னு நாஞ்சொல்றேன்."

கோபமாச் சொல்லலை. சிரிச்சுட்டேதான் சொன்னது. காப்பி குடிச்சுட்டு, பத்திரம் எடுத்துட்டுப் போன பையை அப்படியே திருப்பிக் கொண்டுவந்துட்டேன். அன்னைக்குச் சாயந்திரமே திருப்பூருக்குத் தங்கச்சிக்குப் போன் பண்ணி நடந்ததைச் சொன்னேன். அது கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "எம்பேரும் இல்லையாண்ணா?"ன்னு மட்டும் கேட்டது. அது தெரியாமத்தான் எனக்குச் செலவுக்குக் குடுத்துட்டு இருந்திருக்குது.

வாபஸ் வாங்கின நாள்

மனு போட்டோம். அண்ணன் தரப்புல ஆட்சேபணை பண்ணினாங்க. மூணு வருஷம் அலைய வெச்சுட்டாங்க, இப்ப மறுபடியா, அப்படின்னு. அவங்க சொன்னதும் நியாயம்தான். நீதிபதி அம்மா கட்டைப் புரட்டிப் பார்த்துட்டு என்னைக் கூப்பிட்டு, "பிராதுல கையெழுத்து உங்களுதுதானே? உங்க பெரியப்பா எப்ப இறந்தார்?"னு கேட்டாங்க. தேதியைச் சொன்னேன். "அப்ப கையெழுத்துப் போடறப்ப உங்களுக்குத் தெரியும்." "தெரியுங்கம்மா. படிக்காம போட்டுட்டேனுங்க." வேற ஒண்ணும் கேக்கலை. எதிர்த்தரப்புக்கு 3,000 ரூபாய் செலவுத்தொகை கட்டணும், அதே விஷயத்துக்குப் புது வழக்கு போட உரிமை உண்டுன்னு உத்தரவு ஆச்சு. கோர்ட்டுக்கு வெளியில புளியமரத்தடியில அண்ணன் கையில 3,000 ரூபாயை அவங்க வக்கீல் குடுத்ததை நான் பார்த்தேன். அன்னைக்குச் சாயந்திரம்தான் டீக்கடையில சிரிச்சது.

புது வழக்கு 2010-ல போட்டோம். வாதிகள் மூணு பேர், அம்மா, நான், தங்கச்சி. பிரதிவாதிகள் எட்டுப் பேர். அண்ணன், அவரோட தங்கச்சி, சின்ன அத்தை, பெரிய அத்தை பிள்ளைங்க மூணு பேர், தமிழ்நாடு அரசு மாவட்ட ஆட்சியர் மூலமாக, தாசில்தார். இந்தத் தடவை ஒவ்வொரு பக்கத்தையும் நான் வாய்விட்டுப் படிச்சேன். அம்மாவும் தங்கச்சியும் பக்கத்துல உக்காந்து கேட்டாங்க.

எல்லார் பேரும் இருந்ததுல ஒரு விசேஷம் நடந்தது. பழைய வழக்குல நானும் அண்ணனும் மட்டும் மோதினோம். பேச்சுக்கு ஆள் இல்லை. இப்ப ஒவ்வொரு வாய்தாவுக்கும் அத்தை வந்தது. கோர்ட் வராந்தாவுல ரெண்டு பேரையும் ஒரே பெஞ்சுல உக்கார வெச்சு முறுக்குக் குடுத்தது. அத்தைக்கு முன்னால ரெண்டு பேரும் சத்தமாப் பேச முடியாது. 2013-ல மக்கள் நீதிமன்றத்துல சமரசம் ஆச்சு. அங்க ஆகிற முடிவு கோர்ட் டிக்ரிக்குச் சமம், அதுக்கு மேல்முறையீடு கிடையாது, கட்டின கோர்ட் கட்டணமும் திரும்ப வரும். வக்கீல் சிரிச்சுட்டே சொன்னார், வாபஸுக்கு விதி இருக்கற அதே கட்டளை 23-லதான் சமரசத்துக்கும் விதி இருக்குதுன்னு. வாபஸ் 1-ம் விதி, சமரசம் 3-ம் விதி.

அவரவர் பங்கை முழுசா அளந்து யாரும் கேக்கலை. பெரிய அத்தை பிள்ளைங்க பணமா வாங்கிக்கிட்டாங்க. அண்ணனோட தங்கச்சி அண்ணனுக்கே விட்டுக்குடுத்தது, அவங்களுக்குள்ள பேசிக்கிட்டாங்க. என் தங்கச்சி பங்குக்கு நியாயமான விலை வெச்சு நான் ரெண்டு தவணையா குடுத்து பத்திரம் பதிஞ்சேன். சின்ன அத்தை, இட்டேரி ஓரத்துல 40 சென்ட் மட்டும் போதும், கிணத்துல வாரத்துக்கு ஒரு நாள் தண்ணி வேணும்னு சொல்லிருச்சு. ஆக தண்ணி முறை அண்ணனுக்கு மூணு நாள், எங்களுக்கு மூணு நாள், வெள்ளிக்கிழமை அத்தைக்கு. 40 சென்ட்டுக்குத் தனிப் பட்டா வந்த அன்னைக்கு அத்தை அதை வாங்கி எழுத்துக் கூட்டிப் படிச்சது. அதுக்கப்புறம் அந்த 40 சென்ட்டைக் குத்தகைக்கு எனக்கே விட்டது. குத்தகைப் பணத்தை ஒரு பைசா குறைக்கலை.

கணக்குப் பார்த்தா முதல் பிராதுல கேட்டதைவிட எனக்குக் கைக்கு வந்தது குறைச்சல்தான். ஆனா அந்தப் பாதி எனக்கு என்னைக்குமே சொந்தமா இருந்ததில்லை. இன்னைக்கு இருக்கறதை யாரும் கேள்வி கேக்க முடியாது. அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தியில நின்னு நான் பரிமாறினேன். 2006 பிராது ஜெயிச்சிருந்தா அது நடந்திருக்காது.

ஊர் நிலத்தைப் பத்தி விசாரிக்கற நண்பர்களுக்கு என் அனுபவத்துல சொல்றது இதுதான். வக்கீலைப் பார்க்கறதுக்கு முன்னாடி நீங்களே ஒரு தாள் எடுத்து, சொத்து வாங்கினவர்ல ஆரம்பிச்சு வம்சாவளி எழுதுங்க. கட்டிக் குடுத்த பொண்ணுங்க, இறந்துபோன பொண்ணுங்களோட பிள்ளைங்க, வெளிநாட்டுல இருக்கறவங்க எல்லாரையும் எழுதுங்க. யார் எப்ப இறந்தாங்கன்னு பக்கத்துல தேதி போடுங்க. சொத்து பரம்பரையா, சம்பாதிச்சதான்னு எழுதுங்க. அதை வக்கீல்கிட்ட குடுத்துட்டு, பிராது வந்ததும் அந்தத் தாளை வெச்சு ஒத்துப் பாருங்க. படிக்காம கையெழுத்துப் போடாதீங்க. தப்பு இருந்தா எதிராளி பதிலுரையிலேயே சொல்லிருவார். அதை எதிராளி பேச்சுன்னு தள்ளாம, திருத்த முடியுமா, அனுமதியோட வாபஸ் வாங்கணுமான்னு அப்பவே கேளுங்க.

இன்னொண்ணு. உங்கள்ல பல பேர் வேற ஒருத்தர் போட்டிருக்கற பிராதுல விட்டுப்போன பேரா இருக்கலாம். உங்க அம்மா பிறந்த ஊர்ல அவங்க பேர்ல என்ன இருக்குதுன்னு அவங்ககிட்ட ஒரு தடவை கேட்டுப் பாருங்க. சொத்துக்காகன்னு இல்லை. அந்தக் கிணத்துல அவங்க என்ன வேலை செஞ்சாங்கன்னாவது தெரிஞ்சுக்குவீங்க.

அத்தை இப்பவும் இருக்குது. எழுபத்தஞ்சு தாண்டிருச்சு. நாளைக்கு வெள்ளிக்கிழமை. காலையில அஞ்சு மணிக்கு மோட்டார் போடணும். அரை மணி தாமதமானா போன் வந்துரும்.